அதிபர் கடக்கும் வரை

அட்ராக்டா ஃபீரிக் சிரித்தால் சாலைக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்குள் கேட்கும். மாவட்ட ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் வெகுகாலம் அண்டாக்களின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அந்தக் குரலைத்தான் சொல்ல வேண்டும். இப்போது அது கேட்பதில்லை.

நான் பிலோ, காரோபெக் என்ற ஊரில் முடி வெட்டுகிறவள். வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, அதுதான் என் கடை. மேயோ மாவட்டத்தில் எங்களுடையதைவிடச் சின்ன ஊர்கள் அதிகம் இருக்காது. ஒரு மாதா கோயில், மேட்டி ருவேனின் மதுக்கடை, சாலையோரமாகச் சில வீடுகள். என் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மண்பாதை மேட்டில் ஏறும். அது முடியும் இடத்தில் ஃபீரிக் பண்ணை.

அட்ராக்டா அந்தப் பண்ணைக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கோல்மனுக்கு அதற்கும் மேலே. மாடுகளோடு மட்டும் பேசிக்கொண்டு தனியாகக் கிடந்த மனுஷன். ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்தபோது, "இந்த சூப்பை யார் வச்சது?" என்று சண்டை போட எழுந்துபோனவர், சண்டைக்கு வந்தவளையே கட்டிக்கொண்டு திரும்பினார். "சட்டியில ஒட்டிக்கிட்டு மீந்தது ரெண்டும் ஒரே தட்டுக்கு வந்துருச்சு" என்று மேட்டி கல்யாண விருந்திலேயே சொன்னான். அட்ராக்டா கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு வருஷக்கணக்கில் அந்தக் கிண்டலை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

பிள்ளை இல்லை. அவளுடைய அக்கா மகன் எண்டா, பக்கத்து டவுனான பாலினாவில் போலீஸ் நிலையத்தில் வேலை பார்த்தான். எங்கள் பக்கம் ரோந்து வரும் நாட்களில் அவனுக்குச் சாப்பாடு சித்தி வீட்டில்தான். கோல்மனுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். வெண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கோல்மனோ கடித்தால் பல் பதியும் கனத்துக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுவார். கேட்டால், "மேயோ அணி கால்பந்துக் கோப்பையை ஜெயிக்கிற வரைக்கும் நான் சாக மாட்டேன், அப்படிப் பாத்தா எனக்குச் சாவே கிடையாது" என்பார்.

அப்படி இருந்த ஊருக்குத்தான் அதிபர் வருகிறார் என்ற செய்தி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நாட்டின் அதிபர். அவருடைய தாத்தாவின் தாத்தா பஞ்ச காலத்தில் எங்கள் ஊரிலிருந்து கப்பலேறியவராம். எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது. தெரிந்த மறுநாளே மேட்டி, அந்தக் குடும்பம் தன் அம்மா வழி உறவு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஊர் மாறத் தொடங்கியது. பாழடைந்த வீடுகளின் முகப்புக்கு வெள்ளையடித்தார்கள். பூட்டிக் கிடந்த தபால் நிலையத்தின் சன்னலில் பூந்தொட்டிகளைப் படமாக வரைந்து ஒட்டினார்கள். சாலைக்குப் புதுத் தார் விழுந்தது.

"இந்தக் குழியில என் அச்சாணி முறிஞ்சப்ப எத்தனை பேர்கிட்ட நடந்தேன்" என்றார் கோல்மன். "ஒருத்தன் வர்றான்னதும் நெய் தடவுன மாதிரி தடவுறாங்க பாரு."

அதிபர் வருவதற்கு மூன்று வாரம் முன்பே அவருடைய காவலர்கள் வந்து இறங்கினார்கள். கறுப்பு ஜீப்புகள், காதில் சுருள் கம்பி, கோட்டுக்கு அடியில் துப்பாக்கி. எங்கள் நாட்டில் எண்டா மாதிரி சாதாரணப் போலீஸ்காரன் இடுப்பில் தடி மட்டும்தான் இருக்கும். துப்பாக்கியோடு நடக்கும் ஆண்களை நாங்கள் கண்ணால் பார்த்ததே குறைவு. அவர்கள் சாக்கடை மூடிகளைப் பற்றவைத்து அடைத்தார்கள். வைக்கோல் போருக்குள் நாயை விட்டார்கள். என் கத்தரிக்கோல் பெட்டியைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அதைப் போட்டுக்கிட்டா பசு எது காளை எதுன்னு எப்படிடா தெரியும் உங்களுக்கு?" என்று கோல்மன் ஒருவனிடம் கேட்டார். அவன் சிரிக்கவில்லை.

ஃபீரிக் பண்ணையின் கொட்டகைக் கூரையிலிருந்து பார்த்தால் அதிபர் வரப்போகும் சாலை முழுவதும் தெரியும். அதனால் அந்தக் கூரை அவர்களுக்கு வேண்டியிருந்தது. அனுமதி கேட்கிற மாதிரி பேசினார்கள், ஆனால் கேட்கும்போதே ஏணியைச் சாத்தியாகிவிட்டது. அங்கே அதிகம் இருந்தவன் டால்டன். முப்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம், "மேடம், மேடம்" என்று மரியாதையான பேச்சு. எங்கள் ஊர் ஈரம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே சளி பிடித்துக்கொண்டது.

அட்ராக்டாவுக்குப் பொறுக்குமா? எலுமிச்சையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் நனைந்த காலுறைகளை அடுப்புக் கம்பியில் காயப்போட்டாள். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்குமாகத் தட்டை நிறைத்து முன்னால் வைத்தாள்.

"டியூட்டியில இருக்கேன் மேடம், சாப்பிடக் கூடாது."

"அதிபர் வர இன்னும் நாளிருக்கு. அதுவரைக்கும் இந்தக் கோழிங்க உங்களை ஒண்ணும் சுட்டுடாது. உக்காருப்பா."

உட்கார்ந்தான். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தான். கோல்மனும் அவனும் மேஜையின் இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார்களாம். "ரெண்டு ஊமைங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி வானொலி மாதிரி" என்று அட்ராக்டா என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

கடைசி வாரத்தில் எண்டா வந்து பண்ணை வீடுகளிலிருந்த துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு போனான். கோல்மனிடம் காக்கை விரட்ட ஒரு பழைய துப்பாக்கி உண்டு.

"என் கூரை மேல ஒருத்தன் பீரங்கி மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டுப் படுத்திருக்கான்" என்றார் கோல்மன். "நீ என் காக்கா துப்பாக்கியைப் புடுங்க வந்திருக்கியா?"

"உத்தரவு சித்தப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

"யாரு உத்தரவுடா?"

எண்டா மேலே கூரையைப் பார்த்தான். கோல்மன் துப்பாக்கியைத் துடைத்து, மடக்கி, அவன் கையில் கொடுத்தார்.

அதிபர் வந்த நாள் மே மாதத்தின் அபூர்வமான வெயில் நாள். அனுமதி அட்டை கழுத்தில் தொங்க ஊரே மேட்டியின் கடை வாசலுக்குப் போய்விட்டது. நான் கணுக்கால் முறிந்து கட்டுப்போட்டு வீட்டில் கிடந்தேன். சன்னலைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மேல்பாதியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அட்ராக்டாவும் போவதாகத்தான் இருந்தாள். முந்தின நாள்தான் ஊன்றுகோலோடு நின்று அவள் முடியைச் சுருட்டிவிட்டிருந்தேன். ஆனால் காலையில் ஒரு பசுவுக்கு வலி கண்டது. கன்று திரும்பிக் கிடந்தது. அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார் கோல்மன். அவரை விட்டுவிட்டு இவள் போகவில்லை.

இருவரும் கயிறு கட்டி இழுத்துக் கன்றை வெளியே எடுத்தார்கள். உயிரோடு வந்தது. கோல்மன் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. தாடை வலிக்கிறது, கை வலிக்கிறது என்றார். அட்ராக்டா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். உடனே புறப்பட்டுவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். நாற்சந்தியில் தடுப்புப் போட்டு நிறுத்திவிட்டார்கள், அதிபரின் வண்டிகள் கடக்கும் வரை விட மாட்டேன் என்கிறார்கள் என்று. நாற்சந்தி எங்கள் வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வளைவுக்கு அப்பால் இருக்கிறது.

அவள் கோல்மனைத் தோளில் சாய்த்து இழுத்துவந்து காரில் போட்டுக்கொண்டு மண்பாதையில் இறங்கினாள். ஆம்புலன்ஸ் வராவிட்டால் ஆம்புலன்ஸிடம் நாமே போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

பாதை சாலையில் சேரும் இடத்தில் டால்டன் நின்றான். அன்று கீழே அவனுக்குக் காவல். பக்கத்தில் எண்டா. கார் வருவதைப் பார்த்ததும் டால்டன் கோட்டை விலக்கித் துப்பாக்கியை எடுத்தான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

"நிறுத்துங்க! எஞ்சினை அணைங்க! கையை வெளிய தெரியுற மாதிரி வையுங்க!"

"டால்டன், நான்தாம்பா! கோல்மனுக்கு நெஞ்சு வலி! நாற்சந்தி வரைக்கும் விடுப்பா!"

"கையை ஸ்டீரிங் மேல வையுங்க மேடம்."

வைத்தாள். கோல்மனின் தலை அவள் தோள்மேல் கிடந்தது. டால்டன் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. சட்டைக் கையில் இருந்த ஒலிவாங்கியில் பேசினான். கேட்டான். மறுபடி பேசினான். பிறகு தலையை ஆட்டினான்.

"அனுமதி இல்ல. வண்டிங்க கிளம்பிடுச்சு. அது போற வரைக்கும் யாரும் அசையக் கூடாது."

"எண்டா!" என்று அட்ராக்டா கத்தினாள். அந்தக் குரல் மேட்டியின் கடைவரை போயிருக்கும், பேண்டு வாத்தியம் மட்டும் இல்லையென்றால். "எண்டா, உன் சித்தப்பாடா! வாடா, வந்து புடிடா!"

எண்டா ஓரடி எடுத்து வைத்தான். டால்டன் திரும்பாமலே, "நீங்க அங்கயே நில்லுங்க ஆபீசர்" என்றான். எண்டா தன் வாக்கிடாக்கியில் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர்கள் சொல்கிறபடி செய் என்று அதிலிருந்து வந்த குரல் என் சன்னல்வரை கேட்டது. எண்டா நின்றான். இரண்டு கையும் தொடையை ஒட்டியிருக்க, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தின பையன் மாதிரி நின்றான்.

வண்டிகள் சீக்கிரம் வரவில்லை. அதிபர் மேட்டியின் கடையில் ஒரு கிளாஸ் கறுப்புப் பீரைக் கையில் எடுத்து, குழந்தைகளைத் தூக்கி, எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. கிளம்பியாகிவிட்டது என்று சொன்னதே சரியில்லை. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. காரில் அட்ராக்டா கையை எடுக்கவில்லை. எடுத்தால் சுடுவான் என்று நினைத்தாள். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கோல்மன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது எனக்குத் தெரிந்தது.

நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசற்கதவைத் திறந்தேன். "உள்ள போங்க!" என்று வேறொரு காவலன் வேலிக்குப் பின்னாலிருந்து கத்தினான். அங்கே அவன் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் வந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள், கறுப்புக் கார்கள், நடுவில் கொடி கட்டிய கார். அதற்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ். அதிபருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கூடவே போகிற ஆம்புலன்ஸ். கண்ணாடிக்குள் வெள்ளைச் சட்டையில் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிபருக்கு ஒத்துப்போகும் ரத்தம்கூட அதில் இருக்கும் என்று முன்பே பத்திரிகைகளில் பெருமையாக எழுதியிருந்தார்கள். அது அட்ராக்டாவின் காருக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனது. அப்போதுதான் அவள் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கண்ணாடியைத் தட்டினாள், இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டினாள். டாக்டர்களில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அதிபரை வாழ்த்தக் கையாட்டுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனாள்.

கடைசி வண்டி வளைவைத் தாண்டியதும் எண்டா பாய்ந்து கதவைத் திறந்து கோல்மனைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினான். புதுத் தாரில் முழங்கால் தேய அமுக்கினான். நாற்சந்தி ஆம்புலன்ஸ் வந்தபோது அதிலிருந்து இறங்கியவர் எண்டாவின் தோளில் கையை வைத்து, "போதும்பா" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோது டால்டன் அங்கே இல்லை. ஒரு ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு வண்டிகளின் பின்னால் போயிருந்தது. அன்று மாலையே அவர்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

பிரேத விசாரணையில் இயற்கை மரணம் என்றார்கள். அந்த இதயம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அட்ராக்டா எழுந்து நின்றாள்.

"சொல்ல முடியாதுன்னா, பொழைச்சிருக்கலாம்னும் அர்த்தம்தானே டாக்டர்?"

"அப்படியும் இருக்கலாம்."

"அப்ப அவனைக் கூப்பிட்டுக் கேளுங்க. பாதையை மறிச்சானே, அவனை. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கோல்மன் முகத்தைப் பாத்தேன்னு அவன் வாயால சொல்லட்டும். தினமும் அந்த முகத்துக்கு எதிர்ல உக்காந்து தின்னவன் அவன்."

இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அதிபரோடு வந்தவர்களை இங்கே கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்று சொல்லி அவளை உட்காரச் சொன்னார்கள். எண்டா தனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் விசாரித்துப் பார்த்தான். டால்டன் என்பது அவன் உண்மைப் பெயராக இருக்காது என்பது மட்டும்தான் தெரியவந்தது.

அட்ராக்டா ஒருமுறை வானொலியில் பேசினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதற்குப் பிறகு ஊர் அவளிடம் குளிர்ந்துபோனது. யாரும் சண்டை போடவில்லை. கோயிலில் அவள் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். "அவர் எப்படியும் போயிருப்பார், வெண்ணெயை அப்படித் தின்னா?" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார்கள். அட்ராக்டா முடி வெட்ட வந்திருந்த ஒருநாள் மேட்டி உள்ளே நுழைந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"நல்லதாப் போச்சு, நீயே இருக்க. அட்ராக்டா, கோல்மன் எனக்கும் கூட்டாளி. அது உனக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லு."

"அதிபரோட பூர்வீகத்தைப் பாக்க டூரிஸ்ட் பஸ்ஸுங்க வர ஆரம்பிச்சிருக்கு. டவுனுக்கு ஓடிப்போன பசங்க ரெண்டு பேர் என் கடையில வேலைக்குத் திரும்பி வந்திருக்காங்க. நீ மறுபடியும் வானொலி அது இதுன்னு போனா… கொஞ்சம் அடக்கி வாசியேன். அவ்வளவுதான் கேக்குறேன்."

"அதிபர் உன் கடையில பீர் குடிச்சுக்கிட்டு இருந்த நேரத்துலதான், மேட்டி, கோல்மன் செத்தது."

"குடிக்கல" என்றான் மேட்டி. "கையில வச்சிருந்ததோட சரி. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டே இருந்தோம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு முடி வெட்டாமலே போய்விட்டான்.

எண்டா பல நாள் சித்தி வீட்டுப் பக்கம் வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வந்தான். நான் அவள் சமையலறையில் அவள் தலையை அலசிவிட்டுக்கொண்டிருந்தேன். அவன் சீருடை இல்லாமல் வந்து வாசற்படியிலேயே நின்றான்.

"வேலையை விட்டுட்டேன் சித்தி. கனடா போறேன்."

அவள் ஈரத் தலையோடு அவனைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?"

"சித்தி, அவன் கையில துப்பாக்கி இருந்துச்சு."

"ஆமா. இருந்துச்சு."

"நான் ஓடி வந்திருந்தா என்னையும் சுட்டிருப்பான்."

"தெரியாது எண்டா. சுட்டிருக்கலாம். சுடாமலும் இருந்திருக்கலாம். டாக்டர் சொன்ன மாதிரிதான், சொல்ல முடியாது." முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள். "நான் உன்மேல கோவப்படணும்னு நினைச்சேன். வரல. ஒண்ணுதான் கேக்கணும். இது உன் ஊர்தானேடா? நீ போலீஸ்காரன்தானே?"

"அன்னைக்கு இல்ல சித்தி" என்றான் எண்டா. "அன்னைக்கு இது நம்ம யாரோட ஊராவும் இல்ல."

அவள் அவனுக்குத் தட்டு வைத்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மேஜையில் தலை சாய்த்து அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்திருந்தாள். அவள் அழவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் துண்டை எடுத்துச் சுற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எண்டா ஊருக்கு வரவே இல்லை.

அடுத்த வசந்தத்தில் மாடுகளைச் சந்தையில் விற்றாள். அன்று பிறந்த கன்றும் அவற்றோடு போனது. மண்பாதை முனையில் கோல்மன் பெயரில் ஒரு சின்ன மரச்சிலுவை நட்டிருந்தாள். பஸ்கள் திரும்புவதற்காகச் சாலையை அகலப்படுத்தியபோது அதைப் பிடுங்கி வேலியோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நானும் அவளும் அதை எடுத்துப்போய்க் கொட்டகையில் வைத்தோம். திரும்ப நட வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கு பிலோ? மறுபடி புடுங்குவாங்க" என்றாள். மேட்டியின் கடையில் இப்போது அதிபரின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. அவர் கையில் பிடித்த கிளாஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கிளாஸ்தானா என்பது மேட்டிக்கே வெளிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அட்ராக்டாவும் பூசை முடிந்து வந்து பாதை முனையில் நின்றிருந்தோம். பெரிய பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் சன்னலை இறக்கி, அதிபரின் முன்னோர் வாழ்ந்த இடம் எது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அட்ராக்டா முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"நேரா போங்க. வளைவு தாண்டுனதும் நாற்சந்தி வரும். இடது பக்கம் திரும்புங்க. பாதை நல்லா இருக்கும்."

பஸ்ஸிலிருந்தவர்கள் கையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். பஸ் போன பிறகு, "நீ ஏன்டி சொல்ற? மேட்டி வந்து சொல்லட்டுமே" என்றேன்.

"வழி கேக்குறாங்க பிலோ. சொல்லாம எப்படி?" என்று சொல்லிவிட்டு, மெதுவாக மேட்டில் ஏற ஆரம்பித்தாள். வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க ஒரு கோழிகூட இல்லை. அவள் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.